இரண்டு ஹாரன்

எங்கள் அண்ணிக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி அக்கா. அது அவளுக்கும் தெரியும். முகத்தை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் எதுவும் அவளிடம் இல்லை. அண்ணனுக்கு முதுகு போய் உட்கார முடியாமல் ஆனபோது, அவர் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளி வேனை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அண்ணி யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கதவைத் திறந்து மூடவும் பிள்ளைகளை ஏற்றி இறக்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தான்.

அவளுக்கு ஒரே சட்டம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு ஹாரன். அதற்குள் பிள்ளை வெளியே வராவிட்டால் வண்டி நகர்ந்துவிடும். இதோ ஷூ, இதோ சீப்பு என்று கதவிடுக்கில் நின்று கெஞ்சும் தாய்மாரை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பாள். பள்ளி மணி அடித்த பிறகு எங்கள் வேன் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அந்தச் சரித்திரம் முடிந்தது.

முதல் நிறுத்தம் ஒரு மாடி வீடு. அங்கே மூன்றாம் வகுப்புக்குப் போகிற ஒரு பெண் இருந்தாள். இரட்டைச் சடை போட்டிருப்பாள் என்பதால் வண்டியில் எல்லோருக்கும் அவள் சடைக்குட்டி. ஹாரனுக்கு முன்பே கேட்டருகே நிற்பவள், அன்று காணோம். இரண்டு ஹாரனும் அடித்தாயிற்று. மாடியில் அவள் அப்பா டீ டம்ளரோடு எட்டிப் பார்த்து, போங்கள் என்று கையை ஆட்டினார். லீவுக்குப் போன இடத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை போலிருக்கிறது என்று நான் சொன்னேன். அண்ணி கியரை மாற்றினாள்.

கடைசி நிறுத்தத்தில் ஏறியவள் சடைக்குட்டியின் தோழி, பெரிய வாயாடி. ஏறியதும் அவளைத் தேடினாள். அவள் வரவில்லை என்றேன்.

"அவ அங்க இல்லையே. அம்மாவோட பஸ் டிப்போ பின்னாடி வேற வீட்டுக்குப் போயிட்டா. அப்பா பழைய வீட்டுலதான். நேத்து போன்ல சொன்னா, வேன் அங்கதான் வரும்னு."

வேன் குலுங்கி நின்றது. இன்னும் ஒரு திருப்பம்தான், பள்ளி வந்துவிடும். அண்ணி கண்ணாடியில் வண்டி நிறைய இருந்த பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு வண்டியை வந்த வழியே திருப்பினாள். மணி அடித்துவிடுவார்கள் அண்ணி என்றேன். அடிக்கட்டும் என்றாள்.

டிப்போவுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. பூட்டிய கதவுக்கு முன்னால் சடைக்குட்டி நின்றுகொண்டிருந்தாள். புதுச் சீருடை. கனமான பையைக்கூட முதுகிலிருந்து இறக்கி வைக்கவில்லை. ஹாரன் கேட்டதும் ஓடி வர வேண்டுமே என்று அப்படியே நின்றிருக்கிறாள்.

"நான் லேட் இல்லக்கா. அம்மா வேலைக்குக் கிளம்பும்போதே வெளிய வந்துட்டேன். ஹாரன் கேக்கவே இல்லக்கா."

தப்பு தன்னுடையதுதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மாடியில் டீ குடித்துக்கொண்டு கையை ஆட்டிய அந்த மனுஷனை அங்கேயே இழுத்து வந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. வழியில் சீட்டை விட்டு இறங்காத அண்ணி இறங்கிப் போனாள். பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உன் மேல தப்பு இல்ல. ஏறு," என்றாள். அதையும் திட்டுவது போலத்தான் சொன்னாள்.

பள்ளியில் கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். பிள்ளைகளோடு நாங்களும் வெளியே நின்று, எல்லோருக்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டோம். அண்ணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தாள் என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

முதலில் சடைக்குட்டியின் அப்பாவுக்குப் போன் போட்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவள்தானே சொல்லியிருக்க வேண்டும் என்றார் அவர். அடுத்து அம்மா. வேனை ஏற்பாடு செய்தவர் அவர்தானே, அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாளாம்.

"லீவு பூரா ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டீங்கல்ல? வண்டிக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ரெண்டு பேருக்கும் வாய் வரலையா?" என்று கேட்டுவிட்டுத் துண்டித்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் சடைக்குட்டி மட்டும் வண்டியில் மிச்சம் இருந்தபோது அம்மா கூப்பிட்டாள். வேலையிலிருந்து வர நேரமாகும், இன்றைக்கு அப்பா வீட்டில் இறக்கிவிடச் சொன்னாள். அண்ணி அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வெளியே போக வேண்டுமாம், அம்மா வீட்டிலேயே விடச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின் சீட்டில் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் எங்கக்கா இறங்கணும்?"

அண்ணி வண்டியை நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டினாள். வாசலில் நின்று, போனில் இருவருக்கும் ஒரே சேதியைச் சொன்னாள்.

"பிள்ளை என் வீட்டுல இருக்கா. சேர்ந்து வாங்க. தனித்தனியா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

அவர்கள் போலீஸுக்குப் போனால் வேனே போய்விடும் என்றேன். போகட்டும் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அண்ணன் படுத்தபடியே சடைக்குட்டியிடம் லீவில் என்ன செய்தாய் என்று கேட்டார். ஒண்ணும் செய்யல மாமா என்றாள் அவள்.

தட்டில் சோறு பாதி இருக்கும்போது வாசலில் ஹாரன் கேட்டது. இரண்டு தடவை. ஜன்னல் வழியே பார்த்தேன். கார் பக்கத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். அதற்குள் சடைக்குட்டி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, பையை எடுக்க ஓடினாள். அண்ணி அவளைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தாள்.

"மெதுவா சாப்பிடு. அவங்க நிக்கட்டும். நீ காலையில நின்னல்ல?"

நான் எழுந்து போய், கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.