அது எந்த வரில இருக்கு?

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'எந்த வரி டீச்சர்'. கவிதையைப் பற்றி யார் எதை அளந்தாலும், "அது எந்த வரில இருக்கு?" என்று மடக்காமல் விடமாட்டாள். வகுப்பு கம்ப்யூட்டர் திரைக்கு மாறி, பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே கவிதையை விளக்கத் தொடங்கிய பிறகும், படுக்கையறை மூலையில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் கேட்டாள்.

அன்று ஒரு மாணவி எடுத்துக்கொண்டது, வீட்டில் தனியாக இருக்கும் மனைவி ஒருத்தி பேசுகிற கவிதை.

"இவ புருஷனுக்குப் பயப்படுறா டீச்சர்."

"பயம்னு எந்த வரில இருக்கு?"

"எந்த வரிலயும் இல்ல. ஆனா கதவு திறக்குற வரைக்கும் நீளநீளமா பேசுறா. அவன் உள்ள வந்ததும் ஒவ்வொரு வரியும் ஒரே சொல்லா சுருங்கிடுது."

"அது பயந்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மாணவி தயங்கினாள். "நீங்களும் அப்படித்தானே டீச்சர்? உங்க பின்னாடி கதவு திறந்தா..."

எதற்கெடுத்தாலும் கெக்கலிக்கிற கூட்டம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'பயமாவது மண்ணாவது' என்று அதட்ட வாயெடுத்தாள்.

பின்னால் கதவு திறந்தது.

"சரி," என்றாள். "அடுத்தது."