மூன்றாவது பெயர்

மீனலோசனிக்கு மறதி என்பதே கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒருவர், ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். ஒரு ‘சாரி’ கூடச் சொல்லவில்லை. ஆறு வருஷமாகிறது, அவரோடு பேச்சில்லை. மகள் கல்யாணத்துக்கு அந்த மனுஷர் பத்திரிகை கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொண்டாள், போகவில்லை. “மன்னிக்கிறதெல்லாம் கோயில்ல உள்ளவரு பாத்துக்குவாரு. ஞாபகம் வச்சிக்கிறதுதான் என் வேல,” என்பாள். இப்படிப்பட்டவளிடம் போய் ஒருவர், வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் இது.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. தினமும் காலையில் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறாள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் எச்.ஆர். அதிகாரி. ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பது, விடுப்புக்கணக்குப் பார்ப்பது, தப்புச் செய்தவர்களுக்கு ஷோ-காஸ் லெட்டர் அடித்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஷோ-காஸ் என்றால் ‘ஏன் இப்படிச் செய்தாய், ஏழு நாளில் காரணம் சொல்’ என்று கேட்கும் கடிதம். மீனலோசனி வந்து நின்றாலே ஆசிரியர்கள் அவள் கையில் உறை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அவளும் ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவள்தான். அது அங்கே பலருக்குத் தெரியாது. கேட்டால், “மூணு வருஷம் சும்மா டீச்சரா இருந்தேன், அப்பறம் ஆபீஸுக்கு வந்துட்டேன்,” என்று முடித்துவிடுவாள்.

போன வருஷம் பள்ளியில் ஒரு பெரிய பதவி காலியானது. கற்பித்தலுக்கும் ஆசிரியர் மேம்பாட்டுக்கும் துணை முதல்வர். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பாடம் நடத்துவதைப் பார்த்து, ஆசிரியர்களைத் தேற்றி நிமிர்த்த வேண்டிய வேலை. முன்பு அதில் இருந்தவர் நேர்காணலில் தேனாகப் பேசி உள்ளே வந்தவர். வந்த வருஷத்திலேயே நான்கு நல்ல ஆசிரியர்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சூடு முதல்வர் நூருன்னிசாவுக்கு இன்னும் ஆறவில்லை.

“இந்த தடவ பட்டம் வாங்கின டத்தோ சொன்னாரு, பழைய பிரின்சிபல் சொன்னாருன்னு எந்த லெட்டரும் எனக்கு வேண்டாம் மீனா,” என்றார் அவர். “உங்க கீழ வேல பாத்து வளந்த மூணு டீச்சர் பேரு கொடுங்கன்னு விண்ணப்பப் பாரத்துல போடு. நீ அவங்களுக்கு போன் பண்ணிக் கேளு. அவங்க சொன்னத நேர்காணல்லயே, அந்த ஆளு முன்னாடியே படி.”

“எல்லாரும் ஒத்துக்குவாங்களா மேடம்?”

“ஒத்துக்காதவங்க எனக்கு வேண்டாம்.”

விண்ணப்பங்கள் வந்தன. கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. ஐந்தே முக்காலுக்கு, அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில், இன்னொன்று வந்து விழுந்தது. பெயரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள். கிருபானந்தன்.

நேரம் தாண்டி வந்த விண்ணப்பம். சட்டப்படியே குப்பையில் போடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போடத்தான் போனாள். அதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போமே என்று மூன்றாம் பக்கம் வரை போனாள். அவர் வளர்த்துவிட்ட மூன்று ஆசிரியர்கள் அங்கே வரிசையாக இருந்தார்கள். ராஜன், ஊர் அம்பாங். தங்கமணி, ஊர் செமினி. மூன்றாவதாக: மீனலோசனி. ‘அனுபவமற்ற இளம் ஆசிரியையாக என்னிடம் வந்தார். என் நேரடி வழிகாட்டலில் தமக்குரிய பாதையைக் கண்டுகொண்டு, இன்று நிர்வாகத் துறையில் சிறப்பாக இருக்கிறார்.’ பக்கத்தில் அவளுடைய கைத்தொலைபேசி எண். இருபது வருஷமாக மாற்றாத எண்.

அவள் உடம்பு முழுக்கச் சூடு ஏறியது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, வேறொரு பள்ளியில், அவர் கணிதப் பிரிவுத் தலைவர். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். இரண்டாம் படிவத்து, பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு எதிர்ம எண்கள் (மைனஸ் கணக்கு) நடத்திக்கொண்டிருந்தாள். அவர் பென்சராப்பானுக்கு வந்தார். அதாவது, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிற சடங்கு. அவர் பார்க்கிறார் என்ற பதற்றத்தில் அவள் பலகையில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டாள். கவனித்துத் திருத்தக் கை தூக்குவதற்குள் அவர் எழுந்து முன்னால் வந்துவிட்டார். அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து மார்க்கர் பேனாவை உருவி எடுத்தார். “பரவால்ல டீச்சர், நீங்க பின்னால போய் உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு மிச்சப் பாடத்தை அவரே நடத்தினார். நன்றாகத்தான் நடத்தினார், பாவி. கடைசி வரிசையில் ஒரு மாணவனின் நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவள் இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது ஒரு மாணவி வெள்ளையாகக் கேட்டாள்: “டீச்சர், சார் வரலியா?” அந்த வகுப்பில் அதன்பிறகு அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பலகை முன்னாலும் நின்றதில்லை.

அவளை அழித்ததைத்தான் அந்த மனுஷர் தன் சாதனைப் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்றுகூட விசாரிக்காமல். என்ன தைரியம் என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. அது தைரியமில்லை, நம் ஆட்களைப் பற்றிய நம்பிக்கை. கல்யாணத்திலோ காரியத்திலோ நாளைக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம். யாராவது போன் பண்ணி ஒருத்தரைப் பற்றி விசாரித்தால், நாக்கு அழுகினாலும் கெட்டதாகச் சொல்ல மாட்டோம். கிருபானந்தன் அந்தக் கணக்கில்தான் தூங்கியிருக்கிறார்.

குப்பையில் போட்டால் ஒரு மின்னஞ்சலோடு தப்பித்துவிடுவார். ‘இந்தப் பள்ளிக்கு அதிர்ஷ்டமில்லை’ என்று சொல்லிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார். அது அவளுக்குப் போதாது. விண்ணப்பத்தை எடுத்து ஏற்கப்பட்டவற்றோடு சேர்த்தாள். 

ஒரு இடைஞ்சல் இருந்தது. விண்ணப்பித்தவர்களில் யாரையாவது முன்பே தெரியுமானால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் விதி. அந்தப் பாரத்தை எல்லாரிடமும் விரட்டி விரட்டிக் கையெழுத்து வாங்குகிறவளே அவள்தான். ‘தெரியுமா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே தெரிந்தால் வேலையே போகலாம். போனால் போகட்டும், அவர் முகத்தைப் பார்க்காமல் போகக்கூடாது.

ராஜனுக்குப் போன் செய்தாள். பிறகு தங்கமணிக்கு. இரண்டையும் குறித்துக்கொண்டாள், மூன்றாம் பக்கத்தை மட்டும் நேர்காணல் கோப்பில் சேர்க்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். நேர்காணல் வரையிலான இரண்டு வாரமும் ரயிலில் போகும்போதும் வரும்போதும், அவரிடம் சொல்லப்போவதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஆன்டி ஒருநாள், “உடம்புக்கு முடியலியாம்மா?” என்று கேட்டேவிட்டார்.

நேர்காணலுக்குக் கிருபானந்தன் கஞ்சி போட்ட பாத்திக் சட்டையில் வந்தார். தலைக்கு மை பூசியிருந்தார். மேசையின் அந்தப் பக்கம் நூருன்னிசாவும், பள்ளி வாரியத்திலிருந்து இல்யாஸும். ஓரத்தில் மடிக்கணினியோடு மீனலோசனி. இப்போது அவளுக்குக் கண்ணாடி, குட்டை முடி, இருபது கிலோ கூடுதல். அதோடு, பெரிய நாற்காலியைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் குறிப்பெழுதுகிறவளை எங்கே பார்க்கப்போகிறார்கள்? அவர் பார்க்கவில்லை.

அரைமணி நேரம் பேசினார். ஆசிரியர் என்பவர் செடி, தலைவர் என்பவர் தண்ணீர் என்றார். இல்யாஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “பிரமாதம் சார்,” என்றார். மீனலோசனி அதையும் குறிப்பில் ஏற்றினாள்.

“அந்த மூணு பேரு என்ன சொன்னாங்க மீனா?” என்று நூருன்னிசா கேட்டார்.

அவள் தாளை எடுத்தாள். “முதல் ஆளு ராஜன். ‘நல்ல மனுஷன்’னு சொன்னாரு. அவருகிட்ட என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, ‘நல்ல மனுஷன்லா’ன்னு மறுபடியும் சொன்னாரு.”

இல்யாஸ் சிரித்தார்.

“ரெண்டாவது தங்கமணி. பேரக் கேட்டதும், ‘இந்தப் பேரச் சொல்லி இனிமே போன் பண்ணாதீங்க’ன்னு வச்சிட்டாங்க.”

“அந்தம்மா அப்பவே கொஞ்சம் எமோஷனல்,” என்றார் கிருபானந்தன், இல்யாஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

“மூணாவது மீனலோசனி. அவங்களுக்கு நான் போன் பண்ணல.”

“ஏன்?” என்று நூருன்னிசா நிமிர்ந்தார்.

“என் போன்ல இருந்து என் நம்பருக்கே எப்படி மேடம் அடிக்கிறது?”

 கிருபானந்தன் முதல்முறையாக ஓரத்தைப் பார்த்தார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். ஆனால் அந்த மனுஷர் லேசுப்பட்டவரா? இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“அட, நம்ம மீனாவா! பாருங்க மேடம், நான் எழுதினதுக்கு இதவிட சாட்சி வேணுமா? அன்னைக்கி நான் கண்டுபிடிச்சு விலக்கலன்னா இந்தப் பொண்ணு இன்னும் வகுப்புல கெடந்து கஷ்டப்பட்டிருக்கும். ஒருத்தருக்கு எது வராதுன்னு காட்டுறதும் மேம்பாடுதான்.”

இல்யாஸ் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.  ரயிலில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட மீனலோசனிக்கு வாயில் வரவில்லை. மறுபடியும் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான் படுபாவி என்று நினைத்தாள். அந்தக் கோபம்தான் அவளுக்குக் குரல் கொடுத்தது.

“சார், அன்னைக்கி நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம? மைனஸ் போட வேண்டிய எடத்துல ப்ளஸ் போட்டீங்க.” தன் ஞாபகசக்தியில் அவருக்கே பெருமை.

“அப்பறம் மார்க்கர என் கையில இருந்து புடுங்கி, என்ன பின்னால உக்கார வச்சிட்டு நீங்களே நடத்துனீங்க.”

“பிள்ளைங்களுக்குப் புரியணும்ல?”

“சரி. அதுக்குப் பிறகு எத்தன தடவ என் வகுப்புக்கு வந்து பாத்தீங்க?”

“எதுக்குப் பாக்கணும்? அதான் பாத்தாச்சே.”

“என்னக் கூப்பிட்டு, ‘இப்படி நடத்து’ன்னு எத்தன தடவ சொல்லிக் கொடுத்தீங்க?”

அவர் பொறுமை இழந்தவராக, “நாப்பது பிள்ளைங்க இருந்தாங்க மீனா. நான் அவங்களப் பாக்கவா, உங்களப் பாக்கவா?” என்றார்.

நூருன்னிசா கோப்பை மூடினார். “இந்த வேலைக்கு டீச்சரத்தான் சார் பாக்கணும்,” என்றார்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. உதவிக்கு இல்யாஸைப் பார்த்தார், அவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கி வைப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். மீனலோசனி எல்லாவற்றையும் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், அவசரப்படாமல், விருந்துச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவள்போலப் பார்த்தாள்.

அவர் போனதும் நூருன்னிசா இல்யாஸை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அவரத் தெரியும்னு பாரத்துல ஏன் எழுதல?”

“எழுதியிருந்தா என்ன இந்த ரூம்ல இருக்க விட்டிருக்க மாட்டீங்க.”

“பொய்க் கையெழுத்துலா மீனா அது. வேற யாராவது போட்டிருந்தா நீ என்ன செய்வ?”

“ஷோ-காஸ் கொடுப்பேன் மேடம்.”

“அப்ப கொடு.”

மீனலோசனி தன் மேசைக்குப் போய்த் தன் பெயருக்கே கடிதம் அடித்தாள். முதல்வரிடம் கையெழுத்து வாங்கினாள். உறையில் போட்டுத் தனக்குத் தானே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்தும் போட்டாள். ஏழு நாள் அவகாசம் இருந்தது. அவள் அன்றைக்கே பதில் எழுதிக் கொண்டுபோய் வைத்தாள். நூருன்னிசா நின்றுகொண்டே படித்தார்.

‘காரணம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தேதான் மறைத்தேன். அவர் தலைகுனியும்போது நான் எதிரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை. வருத்தமும் இல்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். பொய்க் கையெழுத்துப் போட்டவளுக்கு இந்தப் பள்ளி ஏழு நாள் கொடுத்து, ஏன் என்று கேட்கிறது. ஒரு குறியை மாற்றிப் போட்ட அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.’

நூருன்னிசா அடியில் ‘கடும் எச்சரிக்கை’ என்று எழுதித் தேதி போட்டு நீட்டினார். மீனலோசனி அதை வாங்கித் தன் பெயர் போட்ட கோப்பில் தானே வைத்துப் பூட்டினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பசிதான் வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.