மூன்று-பி, மூன்று-ஏ ஆன வாரம்

ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனில் குப்பை கொட்டும் சகோதர சகோதரிகளே, நோயாளியைத் தொடாமலேயே அவர் தூக்கத்தைக் கெடுக்கிற வேலை நம்முடையது.

புது அட்டவணை

ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுபோல, நுரையீரல் புற்றுநோயை ஸ்டேஜ் பிரிக்கும் முறையை மறுபடி மாற்றிவிட்டார்கள். முன்பு நடுமார்பில் நெறிகட்டியிருந்தால் எல்லாம் ஒரே கணக்கு. இப்போது ஒரே இடத்திலா, பல இடத்திலா என்று பார்க்க வேண்டுமாம். அதனால் சிலருக்கு ஸ்டேஜ் இறங்கும், சிலருக்கு ஏறும். நோய் மட்டும் இருந்தபடியே இருக்கும். மூன்று நாள் முட்டி மோதியும் எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். இருபது வருஷ அனுபவம் உள்ள பக்கத்து மேசை விமலா அக்காவிடம் போய் நின்றேன்.

"என்னக் கேக்காதடி, போன அட்டவணையே எனக்கு இன்னும் புரியல."

நான் அடித்த அடி

பனித்திட்டு கிராமத்து முருகையன் அண்ணன் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். நுரையீரல் புற்றுநோய்க்கான கரண்ட் சிகிச்சை, அதாவது கதிர்வீச்சு, பாதியில் இருந்தது. பழைய கணக்கில் அவர் மூன்று-பி, புதுக் கணக்கில் ஒரு படி இறங்கி மூன்று-ஏ. டாக்டர் இரண்டையும் எழுதச் சொன்னார். நான் பழையதை அடித்துவிட்டுப் புதியதை மட்டும் எழுதி, நகலை அவர் மனைவி செல்வியிடம் கொடுத்தேன். விளக்கிச் சொல்லத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் முழுக்க அவர் சிகிச்சைக்கு வரவில்லை. பதறிப்போய்ப் போன் செய்தேன். செல்வி அக்கா குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"நோவு எறங்கிடுச்சின்னு நீதானம்மா எழுதிக் குடுத்த? அவுரு போட்டுல கடலுக்குப் போயிட்டாரு!"

ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை

மறுநாளே பாகூர் பஸ் பிடித்து, கடலிலிருந்து அவர் கரை திரும்பிய நேரம் பார்த்துப் பனித்திட்டு வீட்டுக்குப் போனேன். "ஏ-ன்னா கொறஞ்சதுன்னு இல்லண்ணா, பி-யும் ஏ-யும் ஒண்ணுதான், ஆனா வேற" என்று நான் உளறியது எனக்கே விளங்கவில்லை. செல்வி அக்கா முகம் வாடியதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அண்ணன்தான் கடைசியில் கை காட்டி என்னை நிறுத்தினார்.

"போட்டுக்கு வேற பெயிண்ட் அடிச்சி நம்பர மாத்துனாங்க, ஓட்டை அப்டியேதான் கீது. அதான சொல்ற?"

திரும்பி வந்த அன்று

அடுத்த நாள் காலையில் அண்ணன் வரிசையில் நின்றார். விட்டுப்போன நாட்களையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சிகிச்சை முடிந்து என் மேசைக்கு வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அடுத்த வாட்டி எப்பம்மா மாத்துவாங்க? அப்ப நான் இருக்கணும், ஒழுங்கா எழுதி வை."

ஆக, இந்த அட்டவணையை மறுபடி எப்போது மாற்றுவார்கள் என்று நாங்கள் எல்லாம் பயந்துகொண்டிருக்க, ஆசையோடு காத்திருக்கிற ஒரே ஆள் முருகையன் அண்ணன்தான்.