கல்யாணசுந்தரம் வண்டிக்கு அடியில் இருக்கிறார்

கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கல்யாணசுந்தரம் வேலையாக இருக்கிறார் என்று பொருள். மிச்சமுள்ள கல்யாணசுந்தரம் சிவப்பு வண்டியின் அடியில் இருக்கிறார். புனேயின் தாபோடியில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள அந்த அடுக்ககத்தில் பலருக்கு அவரைக் கணுக்கால் வரைதான் பழக்கம். வாட்ச்மேன் காலுக்குத்தான் சலாம் வைக்கிறார். கூரியர்காரர் காலிடம் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, வெளியே நீளும் கரிய கையில் பார்சலை வைக்கிறார். ஒருமுறை அவர் குளித்து, சட்டை போட்டு, முழு ஆளாக லிப்டில் ஏறியபோது, மூன்றாம் மாடி அம்மாள் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று அன்போடு விசாரித்தாராம்.

கோயமுத்தூர்க்காரர். சாகணில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எது கெட்டாலும் ‘ஏன்?’ என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பதில் வந்தால் அதற்கும் ‘ஏன்?’ என்பார். எதிரில் இருப்பவர் அழும் நிலைக்கு வந்ததும்தான் மூலகாரணம் கிடைத்தது என்று திருப்தியடைவார். ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கேள்வி சும்மா இருக்க வேண்டாமே என்றோ என்னவோ, வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடம் இந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். முப்பது வயதைத் தாண்டிய வண்டி. கூரை என்று இருப்பது கித்தான், அதிலும் கிழிசல். முன்சக்கரங்கள் ஆடும், எண்ணெய் ஒழுகும் என்று அதிகாரி நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் கல்யாணசுந்தரம் விலை பேசவே உட்கார்ந்தார்.

சக்கர ஆராய்ச்சிக்கு மனைவி லலிதாவும் வேண்டும். ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, தயிர் கடைவது போல அவர் ஆட்டுவார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அவர் முகம் மலரும். “லலிதா, இப்ப பிரேக்க அமுத்து” என்பார். ஓட்டுநர் இருக்கையில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் லலிதா, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அமுக்குவார். பிரேக் போட்டதும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இது எல்லா மெக்கானிக்கும் அறிந்த சாஸ்திரம். ஆனால் இந்த வண்டி சாஸ்திரத்துக்குக் கட்டுப்படாமல் பாதி நிற்கும், பாதி ஆடும். கல்யாணசுந்தரத்துக்கு அது போதும், மறுபடி தொடங்குவதற்கு. அந்த வீட்டில் சமையலுக்குத் தேவையான அத்தனை பூண்டும் இப்படித்தான் உரிக்கப்பட்டு வருகிறது.

பழக்கம் கையில் தங்கிவிட்டது. ஓட்டலில் உட்காருமுன் மேசையை ஆட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டு ராஜியின் மகளுக்குப் பல் ஆடியபோது, குழந்தையின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு நான்கு திசையிலும் அசைத்து, “சைடு ஆட்டம் மட்டுந்தானுங்க, மேல கீழ டைட்டா இருக்குது” என்று அறிக்கை கொடுத்தார். ராஜி நன்றி சொல்லிவிட்டு, குழந்தையை வாய் கொப்பளிக்க வைத்தாள்.

எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பமானது. கறுப்பாக இருந்தால் இன்ஜின். அழுகிய முட்டை வாசனை வந்தால் கியர். இதற்காகக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு சொட்டைத் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினைத் துடைத்துவிட்டு, லலிதாவின் முகப்பவுடரை மேலே தூவுவார். ஒழுகும் இடத்தில் பவுடர் ஈரமாகிக் கோடு விழும். இது நல்ல முறைதான். என்ன, வண்டி கிளம்பினால் ஒரு கல்யாண வீடு நகர்ந்து போவது போல வாசனை வரும்.

இத்தனை செய்கிறவர் பழுது பார்ப்பாரா என்று கேட்கக் கூடாது. பக்கத்து ஊரான போபோடியின் மெக்கானிக் ஒருவர், இரண்டையும் மதியத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு, அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். “காரணம் தெரியாம பேரிங்க மாத்தறது, பல்லு வலிக்கு மூக்குக் கண்ணாடி போட்டுக்கற மாதிரிங்க” என்று வீட்டில் வந்து குமுறினார். லலிதா வேறு வேலையைப் பார்த்தார்.

இப்படி அமைதியாக நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்கு இந்தக் கோடையில் ஆபத்து வந்தது. சொசைட்டி செயலாளர் ஜெயந்த் கார் நிறுத்துமிடம் முழுவதும் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் புதுத் தரை போட்டார். முகம் பார்க்கலாம் அதில். கூடவே கமிட்டியில் தீர்மானமும் போட்டார்: இனி எந்த வண்டியிலிருந்து எண்ணெய் சொட்டினாலும் அந்த வண்டி வாசலுக்கு வெளியே, தெருவில். அண்ணாவை மனதில் வைத்துப் போட்டதல்ல என்று ‘அண்ணா’வின் தோளில் கைவைத்து இந்தியில் உறுதியளித்தார். தென்னிந்தியர் என்றாலே அங்கே அண்ணா; அந்த அடுக்ககத்துக்கே ஒரே அண்ணா கல்யாணசுந்தரம்தான். ஒழுகும் வண்டியும் ஒன்றுதான். புனேயில் மழை பிடித்தால் விடாது. கித்தான் கூரையோடு தெருவில் நின்றால் வண்டி தொட்டியாகிவிடும். அவருக்குச் சோறு இறங்கவில்லை. வண்டிக்கு அடியில் அகலமான தகரத் தட்டு ஒன்றை வைத்தார். எண்ணெய் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே, அளந்து வைத்தார்.

கமிட்டி பார்வையிட வந்த ஞாயிறு காலை, தட்டில் ஒரு சொட்டு இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. கமிட்டியார் கைதட்டாத குறை. அப்போதுதான் வாட்ச்மேன் பக்கத்து இடத்தைக் காட்டினார். மராத்திப் புத்தாண்டான பாட்வாவுக்கு வாங்கி, சாமந்தி மாலை கூட இன்னும் கழற்றாத ஜெயந்தின் பெரிய புது வண்டி. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

ஜெயந்தின் முகம் விழுந்த விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. புது வண்டியே ஒழுகும்போது பழையதை எப்படிக் குற்றம் சொல்வது, தீர்மானத்தை விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். கமிட்டி தலையாட்டியது. அதோடு, அண்ணா இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கைகூப்பினார்.

கல்யாணசுந்தரம் முழங்காலிட்டார். தொட்டார், தேய்த்தார், கண்ணை மூடி மோந்தார். கண்ணைத் திறந்தபோது அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது. லலிதா அதைப் பார்த்துவிட்டார். கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் வேறு யாருமில்லை. ஆகவே முகத்தில் சிரிப்பு மாறாமல், உரக்கவே சொன்னார்.

“ஏனுங்க, வாயத் தொறக்காதீங்க. தெரியலைன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சு வாங்க.”

அவரும் முயன்றார். உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு எழுந்தும் விட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஐ.டி.யில் வேலை பார்க்கும் அனிருத், கைபேசியைப் பார்த்து, இது டர்போ சீல் போன கேஸ் என்று அறிவித்தான். கமிட்டி பயபக்தியோடு கேட்டது. அடுத்தவர்களுக்கு அது ஒரு கருத்து. கல்யாணசுந்தரத்துக்கு அது கண்ணெதிரே நடக்கும் கொலை.

“நஹீ” என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. புது வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் தண்ணீர் போல இருக்கும். இது கெட்டி, பழைய இன்ஜினுக்கான சரக்கு. ஏன் இங்கே வந்தது? தரை இந்தப் பக்கம் சாய்வு. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டி, அது ஜெயந்தின் சக்கரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிவதை எல்லாருக்கும் காட்டினார். தட்டில் ஏன் விழவில்லை? நேற்று சக்கர ஆட்டம் பார்க்க இடதுபக்கம் ஜாக்கி போட்டவர் இறக்க மறந்துவிட்டார். வண்டி வலப்பக்கம் சாய்ந்து, எண்ணெய் வண்டியின் அடிச்சட்டத்தோடு வழிந்து, இரண்டு இடங்களையும் பிரிக்கும் கோட்டின் ஓரத்தில் சொட்டியிருக்கிறது. ஆட்டமும் ஒழுகலும் ஒரே கதை! இந்தி போதாமல் மராத்தியில் போனார். அதுவும் போதாமல் கையால் போனார். கடைசியில் விரலை ஜெயந்தின் மூக்கருகே நீட்டினார். ஜெயந்த் தயக்கத்தோடு மோந்தார்.

“பவுடர்?” என்றார்.

“பவுடர்!” என்றார் கல்யாணசுந்தரம், பரிசு வாங்கியவர் போல.

பிறகு ஜெயந்த் தன் வண்டியின் மாலையைச் சரிசெய்துகொண்டே, மெதுவாக, அப்படியானால் அண்ணா, அந்தத் தீர்மானம் என்று இழுத்தார். அப்போதுதான் கல்யாணசுந்தரத்துக்குத் தான் எந்தக் கட்சிக்காக வாதாடிக்கொண்டிருந்தோம் என்பது உறைத்தது. லலிதாவைப் பார்த்தார். லலிதா பையிலிருந்த சாவியை எடுத்து, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஜாக்கி இறங்கியது. ஜெயந்தும் அனிருத்தும் குற்ற உணர்ச்சியோடு பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தன.

வாசலில் வாட்ச்மேன் கம்பியைத் தூக்கும் வரை வண்டி நின்றது. கீழே பளபளப்புத் தரை இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு திரண்டு மினுங்கியதைக் கண்ட கல்யாணசுந்தரம் சட்டென்று தரையில் படுத்தார். இடது கையை ஊன்றிக்கொண்டு, தீர்த்தம் வாங்குவது போல வலது உள்ளங்கையைக் குழித்து இன்ஜினுக்கு அடியில் நீட்டினார்.