ஜேபெக் போதும் என்று நான் எழுதியது

அக்காவின் கல்யாணத்துக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். மண்டபம், சமையல், மாலை, ஜங்ஷனுக்குப் போய் யாரை யார் அழைத்து வருவது, எல்லாம் வரிசை எண்ணோடு. நாற்பத்தோராவது வரி: படங்களை எந்த ஃபார்மட்டில் வாங்குவது.

‘ரா’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். கேமராவில் பதிந்ததில் எதையும் கழிக்காமல் வைத்திருக்கும் கோப்பு அது. ஜேபெக்கில் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், எறிந்தது திரும்பாது. இதை ஸ்ரீரங்கத்து ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். ரா உங்கள் வீட்டில் எதிலும் திறக்காது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான்: பென் டிரைவை டிவியில் சொருகினால் படம் தெரியுமா? கல்யாணத்துக்கு வராதவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாப் படங்களையும் காட்டாமல் எங்கள் வீட்டில் யாரையும் அனுப்புவதில்லை. ஜேபெக் தெரியும், ரா தெரியாது. நானும் ‘ரா’வை அடித்துவிட்டு, ஜேபெக் போதும் என்று எழுதினேன். இதற்குத்தான் நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பென் டிரைவ் வந்தது. அக்காவும் கைலாசபுரத்துப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். டிவியில் சொருகி முதல் படத்தைத் திறந்தேன்.

அக்கா நல்ல கறுப்பு. டிவியில் இருந்தவள் ஊறவைத்த ஜவ்வரிசி நிறம். கன்னத்தில் இருந்த இரண்டு அம்மைத் தழும்பும் இல்லை. மூக்கின் ஓரம்கூட மழுங்கிக் கிடந்தது. வெளுக்கும் வேலை கழுத்தோடு நின்றுவிட்டது. மருதாணி வைத்த கைகள் மட்டும் அவளுடையவை.

“யாரும்மா இது?” என்று கேட்டாள் அக்கா.

“லட்சணமா இருக்கடி. நான்தான் கொஞ்சம் கலர் ஏத்தித் தரச் சொன்னேன். உன் மாமியார் வீட்டுல எல்லாரும் பாப்பாங்கல்ல.”

அக்கா எழுந்து உள்ளே போனாள். என் நிறத்தை மாத்தாதீங்க என்று மேக்கப் போட வந்த பெண்ணிடம் அவள் மூன்று முறை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்று ஒரு நாள் தன் சொந்த முகத்தோடு அவள் மணையில் உட்கார்ந்தாள். அதற்கு இப்போது ஒரு படம்கூட இல்லை.

ஸ்டுடியோவுக்குப் போய் மூலப் படங்களைக் கேட்டேன்.

“கார்டு மறுநாளே சமயபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிடுச்சுங்க. கம்ப்யூட்டர்லயும் அழிச்சாச்சு. கலர் ஏத்துறது எல்லாருக்கும் செய்யுறதுதாங்க. செய்யலைன்னாத்தான் சண்டைக்கு வருவாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. அவர் முன்னால் இருந்த திரையில் வேறொரு மணப்பெண், அதே ஜவ்வரிசி முகம்.

அடுத்து ஒரு புதுப் பட்டியல் போட்டேன்: மண்டபத்தில் யாரெல்லாம் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்? பதினாறு பேர். பதினைந்து பேர் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று போனில் அழித்திருந்தார்கள். வாட்ஸ்அப் சுருக்கியதைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மருங்காபுரிச் சித்தப்பா மட்டும் எதையும் அழிக்காதவர், அழிக்கத் தெரியாததால். கேபிளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவரிடம் ஏழு படங்கள் இருந்தன. ஐந்தில் அவர் விரல். ஒன்று கூரை. ஏழாவதில் தாலி ஏறுகிறது. வீடியோக்காரரின் முழங்கை பாதிப் படத்தை மறைக்கிறது. மீதியில் அக்கா, வியர்வை மினுங்க, இரண்டு தழும்போடு, கறுப்பாக.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். “பிரிண்ட் போட்டுக் குடுடி. முழங்கைய வெட்டாத, எதையும் தொடாத.”

அதுவும் ஜேபெக்தான். எதையும் கழிக்காத டிஃப் ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் இல்லாதது வந்துவிடாது என்பதால் மாற்றவில்லை. மூன்று இடங்களில் பிரதி வைத்துப் பூட்டினேன். பாஸ்வேர்டு அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.