பலாப்பிஞ்சு எந்தக் கொட்டகை?

துகினாவின் இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. அரிவாள் பழகிய காலத்தில் போனது. விரல் போன மறுநாளே கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து பலாப்பிஞ்சு வெட்டினாள். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. யோக்யா நகரத்துச் சந்தையில் வெறுங்கையோடு நுழைந்து கடை போட்டவன் நான், கண்ணால் பார்த்தேன். என்னைப் போலவே அவளுக்கும் கைதூக்கிவிட ஆள் கிடையாது.

தெற்கே சுண்ணாம்புக்கல் மலையில் பிறந்தவள். சந்தைக்கு வந்த புதிதில் முதுகுச் சுமை. தோளுக்குக் குறுக்கே துணி கட்டி, அதில் உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓடுவாள். வழி விடாமல் கேலி பேசிய லாரிக் கிளீனரை ஒரு தரம் மூட்டையோடு மோதிச் சாக்கடையில் தள்ளினாள். அவன் எழுந்து வந்து ஓங்கி அறைந்தான். இவளும் அறைந்தாள். பல் விழுந்தது அவனுக்கு. அதற்கப்புறம் அவளை "ஏய்" என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. கிழடுகள்கூட அக்கா என்றன.

முதுகு தேயச் சேர்த்த காசில் பலாப்பிஞ்சு வியாபாரம் தொடங்கினாள். குடெக் சமைக்கும் பெண்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள். பிஞ்சைத் தோல் சீவி, துண்டு போட்டுத் தர வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றி, வெல்லம் போட்டு அவர்கள் நாளெல்லாம் வேகவைக்கிற கறிதான் குடெக். பலாவில் அரிவாளை வைத்தால் பால் கொட்டும், கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் வெட்டும் முன்னால் துகினா தேங்காயெண்ணெயை அள்ளி அலகு, பிடி, முழங்கை வரை பூசுவாள். பிடியில் ஒரு கயிற்று வளையம் உண்டு. அதை மணிக்கட்டில் மாட்டாமல் அரிவாளை ஓங்கமாட்டாள். மாட்டாமல் ஓங்கிய அன்றைக்குத்தான் சுண்டுவிரல் போனது.

சந்தையைப் புது இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு கொட்டகைக்குப் பழம் என்று பலகை, இன்னொன்றுக்குக் காய்கறி என்று பலகை. நடுவில் சாக்கடையோடு போகிற சந்து. துகினா யாரையும் கேட்காமல் அந்தச் சந்தில் கட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குடெக்காரிகள் வண்டியை விட்டு இறங்கி வருகிற வழி அதுதான். அந்த இடம் போனால் அவள் பிழைப்பும் போச்சு. இரண்டு கொட்டகைக்காரர்களுக்கும் அதன்மேல்தான் கண்.

பழக்கொட்டகைக்குச் சண்டியர் ஜாரோட். கழுத்து எருமைக் கழுத்து. ஒரு காலை தன் ஆட்களோடு வந்து அவள் கூடையை உதைத்தான்.

"அக்கா, கிளம்பு. பலா பழம். இனிமே நீ பழக்கொட்டகை. பின்னாடி கக்கூஸ் சுவரோரமா இடம் ஒதுக்கியாச்சு."

"அங்க நீ உக்காரு. ஈயாவது உன்னைச் சுத்தி வரும். இங்க உன் மச்சினனை உக்கார வைக்கவா பாக்கற?"

"அந்த மச்சினன்தான் செடிகொடிப் படிப்பு படிக்கிறான். பூவோட சூல் பருத்து, உள்ளே விதை இருந்தா அது பழமாம். ஒரு பலாவுக்குள்ள எத்தனை பூ ஒட்டிக்கிட்டிருக்கு தெரியுமா? பழத்துக்கெல்லாம் பெரிய பழம் அது!"

இதைக் கேட்டுக் காய்கறிக் கொட்டகை டார்மோ குறுக்கே புகுந்தான். ஆள் குள்ளம். கையில் எப்போதும் சுமை தூக்குகிற மூங்கில் காவடிக் கழி.

"யார்றா அவன் என் சரக்கைப் பழம்ங்கறது? சோத்தோட தின்னா காய்கறி, வெறும் வாயில தின்னா பழம். பச்சைப் பலாவை வெறும் வாயில கடிச்சுப் பாரேன். உன் உதடு ஒட்டிக்கிட்டா ஊராவது நிம்மதியா இருக்கும்."

"வெல்லம் கொட்டி வேகவைக்கிறது காய்கறியா?"

"இந்த ஊர்ல கத்திரிக்காய்க்கும்தான் வெல்லம் போடறோம்."

ஜாரோட் சிரித்தான். "நல்லா சொன்ன. கத்திரிக்காய்லயும் விதை இருக்கு. தக்காளி, வெள்ளரி, பூசணி, பாகல், மிளகா, விதை இருக்கற அத்தனையும் என் கொட்டகைக்கு வரணும். கீரையையும் முள்ளங்கியையும் வெச்சு நீ பொழைச்சுக்கோ."

டார்மோவின் கழி அவன் வாயில் இறங்கியது.

அப்புறம் சண்டைதான். பழக்கொட்டகை ஆள் ஒருவன் தக்காளிப் பெட்டியை எதிராளி தலையில் கவிழ்த்தான். காய்கறி ஆள் ஒருவன் அரைத்த மிளகாயை அள்ளி அடுத்தவன் கண்ணில் தேய்த்தான். அவன் அலறிக்கொண்டு தன் ஆளையே கடித்தான். தராசுக் கம்பி ஒருத்தன் காதைக் கிழித்தது. சந்தெல்லாம் சிவப்பு. தக்காளி பாதி, ரத்தம் பாதி.

துகினா எழுந்திருக்கவில்லை. ஒரு காலைக் கூடைமேல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் இடம் போய்விடும் என்று தெரியும். ஜாரோட் அவள் கூடைமேல் வந்து விழுந்தான், பிஞ்சுகள் சாக்கடையில் உருண்டன. ஒரு பிஞ்சை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் இடித்தாள். மூக்கு உடைந்தது. வலியில் அவன் கை கட்டைமேல் தடவி, அவள் அரிவாளைப் பிடித்தது.

அன்னாசியும் மாம்பழமும் அறுக்கிற கைக்கு எண்ணெய் தெரியாது. வளையம் எதற்கென்றும் தெரியாது. டார்மோவின் தலைக்குக் குறிவைத்து முழு பலத்தோடு ஓங்கினான். அரிவாள் மீன் மாதிரி கையை விட்டு நழுவியது. சாக்கடையின் கருங்கல் விளிம்பில் பட்டுத் திரும்பி, அவன் கெண்டைக்காலில் எலும்பு வரை பதிந்தது.

ஜாரோட் போட்ட சத்தத்தில் சண்டை அப்படியே நின்றது.

துகினா அப்போதுதான் எழுந்தாள். தோளில் இருந்த சுமைத்துணியை உருவி, ரத்தம் நிற்க அவன் தொடைக்குக் கீழே இறுக்கி, முட்டியால் அழுத்தி முடிச்சுப் போட்டாள். "செத்துத் தொலையாத. என் இடம் தீட்டாயிடும்."

இந்த நேரம் பார்த்து டார்மோ ஜாரோட்டின் விலாவில் ஒரு உதை விட்டுவிட்டு, அவள் கூடையைத் தூக்கினான்.

"அக்கா, தீர்ப்பு வந்தாச்சு. காய்கறி அரிவாள் பழத்துக்காரனைக் கடிச்சிருச்சு. வா, நம்ம கொட்டகையில மூலையில உக்காரலாம்."

துகினா அரிவாளை எடுத்துப் கைலியில் துடைத்து, வளையத்தை மணிக்கட்டில் மாட்டி ஒரே வீச்சு வீசினாள். டார்மோவின் விரல்களுக்கு ஒரு நெல் தூரத்தில் கூடை விளிம்பு பிளந்தது.

"விரலை நீ எடுக்கறியா, நான் எடுக்கட்டுமா? எனக்கு ஒண்ணு குறையுது."

டார்மோ கூடையைக் கீழே வைத்தான்.

"பிஞ்சுல பறிச்சா சட்டிக்குப் போகுது, மரத்துல விட்டா பழுக்குது. ரெண்டும் ஒரே மரம்," என்றாள். "உன் கொட்டகையும் வேண்டாம், அவன் கொட்டகையும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுலதான் உக்காருவேன். நடுவுல காலை வைக்கறவன் காலோட போவமாட்டான்."

ஜாரோட்டைக் காவடிக் கழியில் தொங்கவிட்டு, அவனை அடித்தவர்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். குடெக் சமைக்கும் சார்ஜினெம் சந்து முனையில் பாத்திரத்தோடு அவ்வளவு நேரமும் நின்றிருந்தாள். மெல்ல வந்து கேட்டாள்.

"ஆச்சா, அக்கா? அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு."

காலையில் வெட்டி வைத்ததில் ரத்தம் தெறித்த பலாத்துண்டுகளைத் துகினா சாக்கடையில் தள்ளினாள். கூடையில் மிச்சமிருந்த பிஞ்சைக் கட்டைமேல் வைத்து, கை நிறைய எண்ணெய் எடுத்தாள்.