புள்ளியும் வாலும்

எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்த பிறகு மூன்று கிழமை அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. விஜயதசமி வரட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். எழுத்தோடு சம்பந்தப்பட்ட சாமானை ஏடு தொடக்கும் நாளில்தான் தொட வேண்டும் என்பது அவரது எண்ணம். அதுவரை அந்தப் பெட்டியின் மேல் வெங்காயம் போட்ட ஓலைக் கடகம் இருந்தது. வெங்காயத்துக்கும் எழுத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லாதபடியால் அதில் குற்றம் இல்லை.

அனுப்பியவர் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது வல்வெட்டித்துறையிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினார், மறுபடி ஏறவில்லை. பிறகு சுவிசில் மலையடி ஊர் ஒன்றில், ஓட்டல் குசினியில் சமையல் வேலை செய்தார். எனக்கு அவர் ஒரு படமும் ஒரு குரலும்தான். சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்து வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வந்துபோகத் தொடங்கிய வருடம், அவரோடு வேலை செய்த ஒருவர் கொழும்பில் அந்தக் கொம்பியூட்டரை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கினார். கூடவே அப்பா சொல்லிவிட்ட செய்தியையும் இறக்கினார்.

"இனி ஒருத்தரும் காகிதத்திலை எழுதுறேல்லையாம். பிள்ளை இதைப் பழகட்டாம்."

பிள்ளை என்பது நான். வயது பத்து. ஐந்தாம் வகுப்பு.

விஜயதசமியன்று காலையில் கொம்பியூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. குங்குமம் திரையின் நடுவில் இருந்தது. அதைத் துடைக்க அம்மா விடவில்லை. அதன்பிறகு நான் எதை எழுதினாலும் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்துகொண்டே இருந்தது. அம்மா என்னைக் கால் கழுவி வரச்சொல்லி, கதிரையில் இருத்தி, எனது விரலைப் பிடித்துக்கொண்டார். தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதியதுபோல இதிலும் 'அ'வில் தொடங்க வேண்டும்.

"அ எங்கை கிடக்கு, தம்பி?"

எங்கும் கிடக்கவில்லை. அமத்துகிற கட்டைகளில் இருந்தவை எல்லாம் ஆங்கில எழுத்துகள். அம்மா என் விரலைப் பிடித்தபடியே ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார், நான் ஒளித்துவைத்ததுபோல.

சந்தியில் வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடை ஒன்று இருந்தது. கொமினிகேசன் என்போம். அதை நடத்திய அண்ணைதான் அன்று விடிய வந்து தமிழ் எழுத்தை ஏற்றிவிட்டவர். எந்தக் கட்டையில் எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு தாளும் தந்திருந்தார். அதைப் பார்த்தேன். 'அ' என்பது எம். அமத்தினோம். திரையில் 'அ' வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அந்தத் தாள் எனக்குத் தேவையில்லாமல் போயிற்று. 'ம' என்பது கே. 'ப' என்பது ஜி. மெய்யெழுத்தின் மேல் குற்று வைக்க, ஒரு புள்ளியும் அதன் கீழே ஒரு வாலும் உள்ள கட்டையை அமத்த வேண்டும். அதன் பெயர் தெரியாது. புள்ளியும் வாலும் என்றே சொல்லுவேன். அம்மா என்று அடிக்க எம், கே, புள்ளியும் வாலும், கே, எச். அப்பா என்று அடிக்க எம், ஜி, புள்ளியும் வாலும், ஜி, எச். இருவருக்கும் நடுவில் ஓர் எழுத்துத்தான் வேறு.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. நான் கதைக்காத பிள்ளை. வீட்டில் நாலு சொல், வெளியில் அதுவும் இல்லை. கேள்வி கேட்டால் அம்மாவைப் பார்ப்பேன். கொம்பியூட்டர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் விடை சொல்லும்வரை பேசாமல் இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மார்கழியில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதிபரின் அறைக்கு முன்னால் காத்திருந்தபோது பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வரிசையாகப் பத்துக் கொம்பியூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத்துணி போர்த்தியபடி. வேறெங்கும் போக வேண்டாம், இங்கேதான் படிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அதிபர் என்னுடைய பெயரைக் கேட்டார். நான் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் கேட்டார். அம்மா சொன்னார்.

"நான் பிள்ளையைக் கேட்டனான், அம்மா. பிள்ளைக்குக் கதைக்க வருமோ?" என்றார் அவர். கோபமாக இல்லை. இங்கே சேர்ப்பதா என்று தை பிறக்கமுன் யோசித்து வந்து சொல்லும்படி கூறி அனுப்பினார். வரும்போது பேருந்தில் அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இந்தச் செய்தி சுன்னாகத்துக்கு எப்படிப் போனதோ, அடுத்த ஞாயிறே மாமா வந்தார். அம்மாவின் தமையன். தோட்டக்காரரின் நீர் இறைக்கும் மிசின்கள் திருத்துகிற பட்டறை வைத்திருந்தார். மிசின்களோடு பழகி, எல்லோரோடும் மிசின் ஓடுகிற சத்தத்துக்கு மேலாகவே கதைப்பார்.

"உவனைப் பெரிய பள்ளிக்கூடம் அனுப்பி என்ன செய்யப்போறாய்? வாத்தியார் கேட்டால் வாய் திறக்கமாட்டான். என்னட்டை விடு. மிசினோடை கதைக்கத் தேவையில்லை, அதுவே போதுமான அளவு கதைக்கும்."

"அவரை ஒரு சொல்லுக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன், அண்ணை."

"கேள். ஆர் வேண்டாமெண்டது? சுவிசிலை இருந்துகொண்டு அவர் இவன்ரை வாய்ப்பூட்டைத் திறப்பாரோ பாப்பம்."

இதைக் கொமினிகேசனில் கேட்க முடியாது. அங்கே ரெலிபோன் பெட்டிக்கு வெளியே எப்போதும் ஏழெட்டுப் பேர் நீள வாங்கில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். அவர்களுக்கு நேரம் போவதே மற்றவர்களின் கதையில்தான். தபாலில் எழுதினால் தை கடந்துவிடும். ஆகவே கொம்பியூட்டர் கடிதம். அம்மா சொல்ல, நான் அடித்தேன். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியும், ஆனால் திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தம்பி அதிபருக்கு முன்னாலை வாய் திறக்கவில்லை என்று அடித்தேன். தம்பியை அண்ணை தன்னோடை விடச்சொல்லுகிறார் என்று அடித்தேன். நீங்கள் வேண்டாமென்றால் விடமாட்டேன், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ என்று அடித்தேன். தம்பி நான்தான் என்பது அடிக்கும்போது அவ்வளவாக உறைக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளைக்குப் புத்தி சொல்லுகிற கடிதம்போல இருந்தது.

அம்மா உலை கொதிக்கிறது என்று எழுந்து போனார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடியில் என்னுடைய வரி ஒன்றைச் சேர்த்தேன்.

அப்பா எனக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க விருப்பம் மாமாவோடை விடவேண்டாமெண்டு சொல்லுங்கோ.

வாயால் அவ்வளவு நீளமாக நான் எதையும் சொன்னதில்லை.

கடிதத்தைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போனோம். கொமினிகேசன் அண்ணை திறந்து பார்த்தார். அவரது கொம்பியூட்டரிலும் அந்தத் தமிழ் எழுத்து இருந்தது. வடிவாகத் தெரிந்தது. பண்பான ஆள், படிக்காமல் மூடி அப்படியே அனுப்பினார். அப்பாவுக்கென்று ஈமெயில் முகவரி இல்லை. ஓட்டல் கந்தோரில் எழுத்து வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகவரியைத் தந்திருந்தார், அவள் அச்செடுத்துக் கொடுப்பாளாம்.

அந்த ஞாயிறு அப்பா கொமினிகேசனுக்கு ரெலிபோன் எடுத்தார். அம்மா ரெலிபோனுக்குள் குனிந்து, காகிதம் கிடைச்சதோ என்று கேட்டார். பிறகு, எழுதினதுக்கு என்ன சொல்லுறியள் என்று கேட்டார். பிறகு ஓம், ஓம் என்றார். வாங்கில் இருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அம்மா என்னிடம் ரெலிபோனைத் தந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, நீயே அடிச்சனி?"

"ஓம்."

"முழுக்க இங்கிலீசிலை?"

கட்டைகளை நினைத்துப் பார்த்தேன். எம், கே, ஜி, எச். ஒன்றுகூடத் தமிழ் இல்லை.

"ஓம்," என்றேன்.

"என்ரை ராசா. கெட்டிக்காரன். நான் அதைப் பேர்சுக்குள்ளை வைச்சிருக்கிறன்."

எனது வரியைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கடை அண்ணை கையைக் காட்டினார், நேரம் முடிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னார். "எல்லாம் பாத்தவராம். நீர் நினைச்சமாதிரியே செய்யும் எண்டவர்."

தை பிறந்ததும் மாமாவின் மோட்டார்ச் சைக்கிளில் சுன்னாகம் போனேன். மாமா சொன்னது சரிதான், மிசின்கள் என்னிடம் பெயர் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில், தூரத்தில் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மிசினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லக்கூடியவன் ஆனேன். வீட்டில் இருந்த கொம்பியூட்டரை உப்புக்காற்று தின்றது. ஒருநாள் அம்மா அதை எடுத்துப் பழையபடி பெட்டிக்குள் வைத்தார்.

நான் சுன்னாகம் போன அந்த வருடமே, சித்திரை வருடப்பிறப்புக்கு அப்பா எடுத்தபோது, தம்பி வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டிருக்கிறார். அம்மா அவன் அண்ணையோடு நிற்கிறான் என்று சொன்னாராம். அதற்கு அவர், "சரி, உங்கை இருக்கிறவைக்குத்தானே தெரியும்" என்றாராம்.

"தானே ஓமெண்டு சொல்லிப்போட்டு இப்ப கோவிக்கிறார்," என்று அம்மா எனக்குச் சொன்னார். அதன்பிறகு அப்பாவோடு கதைத்தால் சுகமோ, சுகம் என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. கதைக்காத பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்தபடியால் அதை யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை. பிறகு மறுபடி சண்டை வந்து பாதை மூடப்பட்டது, கொமினிகேசனும் மூடப்பட்டது.

அம்மா இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பா ஊருக்கே வந்து சேர்ந்தார். இப்போது சுன்னாகத்தில் எங்களோடுதான் இருக்கிறார். மாமாவின் பட்டறை இப்போது என்னுடையது. எனக்கு வயதுக்கு முன்னமே தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, சேர்ந்து நின்றால் எங்களைச் சகோதரர் என்று நினைப்பவர்களும் உண்டு.

போன மாதம் என் மகளுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கினோம். வயது ஏழு. அவள் விஜயதசமிக்குக் காத்திருக்கவில்லை. வந்த அன்றே திறந்து, அப்பப்பாவைப் பக்கத்தில் இருத்தி, அவருக்குத் தட்டிக் காட்டினாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்ப் பழைய பேர்சைக் கொண்டுவந்தார். அதற்குள் பொலித்தீன் உறையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"இந்தா பார். உன்ரை அப்பன் பத்து வயசிலை இங்கிலீசிலை எழுதின காகிதம்."

மகள் விரித்துப் பார்த்தாள்.

"இது இங்கிலீஸ் இல்லை, அப்பப்பா. சும்மா தட்டிவிட்டிருக்கு."

"உனக்கு விளங்காது. அது பெரிய இங்கிலீசு." அப்பா சிரித்தார். "எனக்கே விளங்காது. ஆரிட்டையும் காட்டி வாசிக்கச் சொல்லவும் வெக்கம், பிள்ளை எழுதினதைத் தேப்பனுக்கு வாசிக்கத் தெரியேல்லை எண்டு சொல்லுவாங்கள். அந்தக் கந்தோர்ப் பெட்டை தரேக்கை, உங்கடை பாசை எண்டு சொல்லித் தந்தவள். இங்கிலீசைப் பாத்துத் தமிழ் எண்டாள், பாவம்."

"கடைசி வரி சொல்லுறன், கேளுங்கோ," என்றாள் மகள். "எம். ஜி. பிறகு ஒரு புள்ளி, கீழை ஒரு வால். ஜி. எச்."

வாசலில் மிசின் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த நான், குறட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து தாளை வாங்கினேன். தமிழ் எழுத்து ஏற்றாத கொம்பியூட்டரில் கட்டையில் உள்ள எழுத்துகளே தெரியும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த விசயம். என்னால் அதை வாசிக்க முடியவில்லை. மேசையில் விரல்களை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அமத்திப் பார்த்தேன். விரல்கள் வாசித்தன. அம்மாவின் கடிதம் முழுவதும் இருந்தது. எனது வரியும் இருந்தது, ஒரு குற்றுக்கூடக் குறையாமல்.

"என்ன எழுதினனி எண்டு நீயே சொல்லன்," என்றார் அப்பா. "இத்தினை வருசமாக் கேக்கவேணும் எண்டு நினைக்கிறனான்."

மகளும் என்னைப் பார்த்தாள். மேசையிலிருந்து விரல்களை எடுத்தேன்.

"சுகமாய் இருக்கிறம் எண்டுதான்," என்றேன்.

"அதுதான் நானும் நினைச்சன்," என்று அப்பா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார்.

பத்து வயதில் எனக்கு எந்தக் கட்டையை அமத்தினால் எந்த எழுத்து வரும் என்பது தாள் பாராமல் தெரியும். அது எங்கே வராமல் போகும் என்பது தெரியாது.